இலைக்குப் பின்னால் கரடிக்குட்டிகள்

என் கணவரின் பார்வை குறைந்துவருவதை அவருக்கு முன்னரே நான் கண்டுகொண்டேன். நீர்ப்பாசன அலுவலகமொன்றில் வாய்க்கால்களுக்கும் மதகுகளுக்கும் வரைபடம் கீறியே காலத்தைக் கழித்தவர் அவர். ஓய்வு பெற்றதும் வெளிநாட்டிலிருக்கும் மகள் நீளமான லென்ஸோடு ஒரு கமரா அனுப்பிவைத்தாள். செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து வாவிக்கரைக்கு நடந்தே போகலாம். விடிந்ததும் போய்க் கொக்கு, நாரை, மீன்கொத்தி என்று எடுத்துவந்து, சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்து எனக்குக் காட்டுவார்.

ஒருநாள் மீன்கொத்திப் படமொன்றைக் காட்டி, "பார், இறகு ஒவ்வொண்டும் தனித்தனியாத் தெரியுது" என்றார். எனக்குத் தெளிவாகத் தெரிந்தது பறவை இருந்த தடியின் பட்டை மட்டும்தான். பறவை நீலமாகக் கலங்கிக் கிடந்தது. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் ஓம் என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன்.

பிறகு கிளினிக்கில் வைத்திய நிபுணர் விளக்கிச் சொன்னார். சீனி வருத்தம் விழித்திரையின் நடுப்பகுதியைக் கெடுத்துவிட்டது. நேராகப் பார்ப்பது மெல்ல மங்கும், ஓரப் பார்வை மிஞ்சும். ஊசி போட்டால் மங்குவதைத் தாமதிக்கலாம், போனதைத் திருப்பித் தரமுடியாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். மகளுக்கும் சொல்ல வேண்டாம், வேறு ஒருவருக்கும் சொல்ல வேண்டாம். நான் சொல்லவில்லை. முழங்கால் நோ என்று காரணம் சொல்லி மோட்டார் சைக்கிளை விற்றார். ஓரப் பார்வை இருந்ததால் தெருவில் நடப்பதில் ஒரு தடங்கலும் இல்லை. ஊரில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அந்த நாட்களில்தான் உன்னிச்சையிலிருந்து அந்த வயல்காரர் வந்தார். வாய்க்கால் வேலைகளின்போது என் கணவருக்குப் பழக்கமானவர். எல்லோரும் அவரைப் போடியார் என்றே கூப்பிடுவார்கள். பெரிய நிலக்காரருக்குரிய பெயர் அது. அவரிடம் இருந்ததோ காட்டோரத்தில் கொஞ்ச வயல். களுதாவளைப் பிள்ளையாருக்கு நேர்த்திக்கடன் செய்ய வந்தவர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். பேச்சோடு பேச்சாக, தன் வயல் வட்டைக்கு அந்தப் பக்கத்துக் கல்மலையில் கரடி ஒன்று குட்டி போட்டிருக்கிறது என்றார். இரண்டு குட்டிகள். வெள்ளாமை வெட்டு முடிந்து வயல் வெறுமையாகக் கிடப்பதால் யானைக்குக் காவல் இருக்கும் பரணில் ஏறி இருந்தால் குகை வாசல் நன்றாகத் தெரியும், காலையில் தாய் குட்டிகளை வெளியே கொண்டுவருகிறது என்றார்.

என் கணவர் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். இந்தத் தீவில் கரடிக்குட்டியைக் காட்டில் வைத்துப் படமெடுத்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று போடியாரைக் கேட்டார். அவருக்கு என்ன தெரியும், சிரித்தார்.

எனக்கு விருப்பமில்லை. வாவிக்கு அக்கரையான படுவான்கரையில் கரடி கீறிய முகங்களைக் கண்டிருக்கிறேன். ஒரு கண்ணும் பாதி மூக்கும் இல்லாத மனிதர் ஒருவர் நான் படிப்பித்த பாடசாலைக்குத் தன் பேத்தியைக் கூட்டிவருவார். ஆனால் இவர் தனியாகப் போனால் பரணிலிருந்து விழுவார் என்பதும் எனக்குத் தெரியும். என்ன சொல்வதென்று நான் யோசிப்பதற்குள் அவர் போடியாரிடம் சொன்னார்:

"இவவும் வருவா. சமைச்சுத் தர ஒரு ஆள் வேணும்தானே."

நான் மனையியல் படிப்பித்தவள். அந்தப் பாடத்தை வைத்து அவர் என்னைக் கேலி செய்வது புதிதல்ல. உடுப்பு அடுக்கினேன்.

குருக்கள்மடத்தில் பாதையில் ஏறி வாவியைக் கடந்து அம்பிளாந்துறைக்குப் போனோம். எங்கள் பக்கத்தில் ஆட்கள், வாகனம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகும் அந்த மிதவையைப் பாதை என்றுதான் சொல்வோம். அக்கரையில் போடியார் ஒரு ஓட்டோவை நிறுத்தி வைத்திருந்தார். முன்பு, சண்டைக் காலத்தில், அந்தப் பக்கமே போகமுடியாத வருடங்கள் இருந்தன. இப்போது உன்னிச்சைக் குளத்துக்கட்டு வரைக்கும் தார் போட்ட வீதி.

போடியாருடைய மனைவி எங்களுக்கு ஒரு அறையை ஒதுக்கித் தந்தார். சமைப்பதற்கு என்னை விடவேயில்லை. ஆகவே அடுத்த நாள் விடியுமுன் நானும் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறினேன். மருதமரத்துக் கிளைக் கவருக்குள் தடிகளை வைத்துக் கட்டியது பரண். நாங்கள் மேலே ஏறியதும் போடியார் யானை விரட்டும் வெடிகளை மடியில் கட்டிக்கொண்டு, இயந்திரத்தைத் தள்ளி நிறுத்திவிட்டு அதிலேயே உட்கார்ந்துகொண்டார். கரடி எங்கள் பக்கம் வந்தால் வெடி போடுவார்.

வெளிச்சம் பரவியபோது முதலில் கேட்டது சத்தம்தான். தண்ணீர் ஏறாத பம்பு காற்றை இழுப்பதுபோல ஒரு சத்தம். புற்றுக்குள் வாயை வைத்துக் கரடி கறையானை உறிஞ்சுகிறது. பாறைக்குக் கீழே கறுப்பாக அசைந்தது. நான் அவருடைய தோளைத் தொட்டுக் கையை நீட்டினேன்.

அவர் கமராவில் கண்ணை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். கமரா தானாகவே கூர்மை பிடித்துக்கொள்ளும், ஆனால் முன்னால் ஒரு இலை நின்றால் அது இலையைத்தான் பிடிக்கும். இலையைத் தாண்டிப் பின்னால் நிற்பதைப் பிடிக்க லென்ஸின் வளையத்தைக் கையால் திருப்ப வேண்டும். அதற்குக் கண் வேண்டும். அவர் திருப்பினார், மறுபடி திருப்பினார். வெளிச்சம் காணாது என்றார். பிறகு காற்று என்றார். கரடி உள்ளே போய்விட்டது. அன்று பின்னேரமும் அப்படித்தான். அடுத்த நாள் காலையில் அவர் என்னைப் பார்க்காமலே கமராவை என் பக்கம் திருப்பிவைத்தார்.

"நீ ஒருக்காப் பார்" என்றார்.

அந்தக் கண்ணாடிக்குள் நான் முதன்முதலாகப் பார்த்தேன். வளையத்தை அவர் சொன்னபடி திருப்பத் திருப்ப இலைகள் கரைந்து பச்சைப் புகையாகிப் போயின. அதற்குப் பின்னாலிருந்து ஒரு முகம் வந்தது. சாம்பல் மூக்கு, காதைச் சுற்றிப் படியாத மயிர், அந்தச் சின்ன உடம்புக்குப் பொருந்தாத நீண்ட நகங்கள். குட்டி தாயைப் பார்த்துவிட்டு, வெறும் கல் ஒன்றில் வாயை வைத்துத் தானும் உறிஞ்சிப் பார்த்தது. ஒன்றும் வரவில்லை. கல்லை அறைந்தது. மற்றக் குட்டி பின்னாலிருந்து அதன் காதைக் கடித்தது. நான் சிரித்ததில் பரணெல்லாம் குலுங்கியது.

"என்ன? என்ன செய்யுது? சொல்லு" என்றார் அவர்.

சொன்னேன். காதோடு காதாகச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இடையிடையே இன்னும் இன்னும் கேட்டார்: மார்பில் வெள்ளைப் பிறை தெரிகிறதா, மயிர் நனைந்திருக்கிறதா, தாய் எந்தப் பக்கம் பார்க்கிறது. பிறகு கமராவில் ஒரு நீளமான வயரைப் பொருத்தி அதன் நுனியில் இருந்த பட்டனைத் தன் கையில் வைத்துக்கொண்டார். நான் வளையத்தைத் திருப்பிச் சரிபார்த்து "இப்ப" என்பேன். அவர் அமத்துவார்.

அந்த நாட்களில் அவர் எனக்கு எல்லாம் படிப்பித்தார். வெளிச்சம் கூடினால் எதைக் குறைப்பது, ஓடும் மிருகத்துக்கு எது வேண்டும், தாயின் கறுப்புக்குள் குட்டியின் கறுப்பு மறைந்துபோகாமல் எப்படிப் பிரித்தெடுப்பது. எங்கள் கலியாணத்துக்குப் பிறகு அவர் என்னோடு அவ்வளவு பேசியது அப்போதுதான். என் கை வளையத்தில் இருக்கும்போது, தடித்த தன் விரலை அதன்மேல் வைத்து, "மெல்ல, மெல்ல" என்பார். பரணில் எங்கள் தோள்கள் ஒட்டியிருக்கும். வெயில் ஏறிக் கரடி குகைக்குள் போன பின்பும் நாங்கள் இறங்காமல் இருந்து அவித்த கிழங்கு சாப்பிடுவோம்.  அவர் தொடக்கத்திலிருந்தே கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு நொந்திருக்காது.

பிறகு எல்லோரும் புகழ்ந்த படம் கடைசிக் காலையில் எடுத்தது. அவருக்கு வயிறு சரியில்லை. பரணிலிருந்து இறங்கிப் போடியாரோடு வயல் வீட்டுப் பக்கம் போயிருந்தார். தாய் இரண்டு குட்டிகளையும் முதுகில் ஏற்றிக்கொண்டு வந்தது. பாறையிலிருந்து இறங்கும் இடத்தில் பின்னால் இருந்த குட்டி சறுக்கியது. முன்கால் பிடி விட்டுப்போய், தாயின் மயிரை வாயால் கவ்விக்கொண்டு தொங்கியது. தாய் நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. பின்பக்கத்தை மட்டும் மெல்லத் தாழ்த்திக் கொடுத்தது. நான் வளையத்தைத் திருப்பினேன், வயரைத் தேடிப் பிடித்து நானே அமத்தினேன்.

அவர் திரும்பிவந்து ஏறியதும் சொன்னேன்: "பல்லாலதான் தொங்கிச்சு. தாய் திரும்பிப் பாக்கவே இல்ல. பின்பக்கத்தப் பதிச்சுக் குடுத்திச்சு, ஏறிக்கோ எண்ட மாதிரி."

"எடுத்தியா?"

"எடுத்தன்."

 என் தலையில் ஒட்டியிருந்த மருதஞ் சருகு ஒன்றைத் தடவி எடுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து படங்களை மகளுக்கு அனுப்பினோம். அவள் தன் முகநூலில் அப்பா எடுத்த படங்கள் என்று போட்டாள். அவளுக்கு உண்மை தெரியாது. எப்படித் தெரியும், நாங்கள் கண்ணைப் பற்றியே சொல்லவில்லையே. படம் எங்கெங்கோ போனது. பட்டினத்தில் இயற்கை ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து ஒரு மண்டபத்தில் படங்களைப் பெரிதாக அச்சிட்டு வைத்து, அவரைப் பேச அழைத்தார்கள். எல்லாப் படங்களுக்கும் கீழே அவருடைய பெயர். அதற்கு நான் முகம் சுளிக்கவில்லை. பட்டனை அமத்தியது அவர், படிப்பித்தது அவர், கமரா அவருடையது. ஆனால் பேசும்போது என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். அதற்காகவே நல்ல சேலை ஒன்று உடுத்திப் போனேன். அந்தச் சேலையை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

முன்வரிசையில் எனக்கு இடம் போட்டிருந்தார்கள். இரண்டு கதிரை தள்ளிப் போடியார். என் கணவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் பேசினார். பேச்சு அவருக்கு எப்போதும் நன்றாக வரும். பரணில் அசையாமல் இருக்கவேண்டிய பொறுமையைப் பற்றிச் சொன்னார். வீட்டுக்காரி வாடிக் குடிசையில் இருந்து சமைத்துத் தருவார் என்றும், தான் விடிய முன்னமே தனியே போய் ஏறிவிடுவதாகவும் சொன்னார். சபை என்னைப் பார்த்துச் சிரித்தது. அன்பான சிரிப்புத்தான். பிறகு அந்தப் படத்தைக் காட்டினார்கள்.

"பல்லாலதான் தொங்கிச்சு" என்றார் அவர். "தாய் திரும்பிப் பாக்கவே இல்ல. பின்பக்கத்தப் பதிச்சுக் குடுத்திச்சு, ஏறிக்கோ எண்ட மாதிரி."

மண்டபம் கைதட்டியது. நானும் தட்டினேன். கைதட்டாமல் இருந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். படத்தைக்கூட விட்டுவிடலாம். நான் அவர் காதுக்குள் சொன்ன சொற்களை அவர் ஒன்றும் மாற்றாமல் எடுத்து, நான் இருக்கும் இடத்திலேயே, தான் கண்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குட்டியை அவர் ஒருநாளும் கண்டதில்லை. என் வாயில்தான் கண்டார்.

தேநீர் இடைவேளையில் ஒரு இளம் ஆசிரியை வந்து, காட்டுக்குள் வாடியில் தனியே சமைத்துக்கொண்டிருக்க எனக்குப் பயமில்லையா என்று கேட்டார். பழகிவிட்டது என்றேன்.

வாசலில் போடியார் நின்றார். என் முகத்தைப் பார்க்காமல், "ரீச்சர், நான் ஒண்டும் பேசல்ல" என்றார். "சேர்ர கண் விசயம் எனக்குத் தெரியும். அண்டைக்கு அவர் என்னோட இருக்கக்குள்ளதான் நீங்க எடுத்தீங்க எண்டும் தெரியும்."

பேசாமல் இருந்ததுதான் நல்லது என்று அவரிடம் சொன்னேன். அப்படி நான் நினைக்கவில்லை. அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் என்று அவர்மேலும் எனக்குக் கோபம் இருந்தது.

 வீட்டுக்கு வந்து அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போடும்போது கேட்டேன்.

"ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

"என்ன சொன்னன்?"

"தனியப் போனன் எண்டு."

"பட்டன அமத்தினது நான்தானே."

"அந்தப் படத்துக்கு நீங்க அங்க இல்ல."

கொடியைப் பிடித்தபடி நின்றார். "அந்த மேடையில ஏறி, எனக்குக் கண் தெரியாது எண்டு சொல்லச் சொல்றியா?"

"என்னப் பத்திச் சொல்லச் சொல்றன். உங்கட கண்ணப் பத்தி இல்ல."

"ரெண்டும் ஒண்டுதான்" என்றார்.

யோசித்துப் பார்த்தால் அது உண்மைதான். என்னைச் சொன்னால் கண்ணைச் சொல்ல வேண்டும். அவருக்கு அதற்கு மனம் வரவில்லை. எனக்கு அது விளங்கியது. விளங்கியதால் ஆத்திரம் குறையவில்லை, கூடியது. விளங்காமல் இருந்திருந்தால் நன்றாகச் சண்டை பிடித்திருப்பேன்.

அடுத்த வருடம் பாலைப்பழக் காலத்தில் போடியார் தொலைபேசியில் கூப்பிட்டார். குட்டிகள் வளர்ந்துவிட்டன, இன்னும் தாயோடுதான் திரிகின்றன, வட்டையோரத்துப் பாலைமரத்தில் ஏறிப் பழம் தின்கின்றன. என் கணவர் உடனே பையை அடுக்கினார். எனக்கும் சேர்த்து அடுக்கச் சொன்னார். நான் வரவில்லை என்றேன். சமைக்க அங்கே ஆள் இருக்கிறது, பரணில் தனியே இருப்பவருக்கு நான் எதற்கு என்றேன்.  போடியார் வந்து கூட்டிப்போனார்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தார். குளிக்கவுமில்லை, கணினியைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். பாலை இலைகள் நரம்பு நரம்பாக, ஒவ்வொரு மஞ்சள் பழமும் பளிச்சென்று. இலைகளுக்குப் பின்னால் கறுப்பாக ஏதோ. அடுத்த படமும் அப்படி. அதற்கடுத்ததும். அவர் என் முகத்துக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து, ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடி?" என்றார்.

மீன்கொத்திப் படத்திலிருந்து அதுவரைக்கும் நான் அவருக்கு ஓம் என்றே சொல்லிவந்திருக்கிறேன்.

"கரடி தெரியல்ல. இலைதான் தெரியுது" என்றேன்.

அவர் கணினியை மூடினார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. எனக்கு இரக்கம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

சில வாரம் கழித்து நானே போடியாரோடு பேசினேன். பழக் காலம் முடிவதற்குள் ஒருமுறை நான் வரலாமா என்று கேட்டேன். அவருடைய மனைவி தொலைபேசியை வாங்கி, "வாங்கக்கா, இதுக்கெல்லாம் கேக்கணுமா?" என்றார். போவதற்கு முதல்நாள் கமராவை எடுக்க அலுமாரியைத் திறந்தேன். பெட்டி இல்லை. லென்ஸும் இல்லை. வயர்கூட இல்லை. அவர் முன்னறையில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். தன் தங்கையின் மகனுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அவன் கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறவன், அவனுக்கு உதவும் என்றார். ஒரு கிழமைக்கு முன்னரே கொடுத்துவிட்டாராம்.

"எனக்குச் சொல்லல்லையே?"

"உனக்கென்னத்துக்கு அது? மகள் எனக்குத்தானே அனுப்பினது."

வெறுங்கையோடு உன்னிச்சைக்குப் போனேன். போடியாரின் மனைவியும் நானும் பரணில் ஏறி இருந்தோம். காலை முழுவதும் ஒன்றும் வரவில்லை. பழம் முடிந்துவிட்டது, கரடிகள் உள்காட்டுக்கு இறங்கியிருக்கும் என்றார் அவர். பாலையின் அடிமரத்தில் நகம் கீறிய அடையாளங்கள் மேலிருந்து கீழ்வரை இருந்தன. கீழே நின்று அவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். வாவியைக் கடக்கும்போது, இனி ஒரு கமரா வாங்கும் வயதும் எனக்கில்லை, வாங்கித் தருவார் யாருமில்லை என்று நினைத்துக்கொண்டேன். மகளிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

இப்போது அவருக்குத் தெருவைக் கடக்கவும் கை வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். போன தடவை வரிசையில் காத்திருக்கும்போது பக்கத்து வாங்கிலிருந்த ஒருவர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். அந்தக் கரடிப் படம் எடுத்த சேர்தானே என்று கேட்டார். இவர் தலையாட்டினார். அந்த மனிதர் இவருடைய கண்களையும் நான் பிடித்திருந்த கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தக் கண்ணோட எப்பிடி சேர் அதெல்லாம் எடுத்தீங்க?"

 இவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.  அந்த மனிதர் என் பக்கம் திரும்பினார். இவ்வளவு காலமும் நான் காத்திருந்த கேள்வி அதுதான். கேட்கிறவர் இருக்கிறார், கேட்டுக்கொண்டிருக்க வரிசையில் இன்னும் பலர் இருக்கிறார்கள், பதில் என் நாக்கு நுனியில் இருந்தது.

"அப்ப அவருக்கு நல்லாத் தெரிஞ்சது" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. அன்பினால் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த மனிதர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுத் தன் இலக்கத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் கையை இழுத்துக்கொள்ளவுமில்லை, இறுக்கவுமில்லை. எங்கள் முறை வந்து, ஊசி போட்டு, வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் நின்றோம். நல்ல வெயில். தனக்குத் தண்ணீர் விடாய்க்கிறது என்றார். கடைக்குப் போய் ஒரு போத்தல் வாங்கிவந்து மூடியைத் திறந்து கொடுத்தேன். பாதியைக் குடித்துவிட்டு, மிச்சத்தை என் குரல் இருந்த பக்கமாக நீட்டினார்.

"வேணாம்" என்றேன்.